உச்சிக் கொப்பில் ரெண்டு காய்

செம்மநத்தத்திலிருந்து ஆஸ்பத்திரி இருக்கிற ஒண்டிக்கடைக்குப் பூலாங்காடு எஸ்டேட் வழியாக நடந்தால், வாயில் போட்ட வெற்றிலை சிவப்பதற்குள் போய்விடலாம் என்று ஊரில் சொல்வார்கள். கொஞ்சம் கூட்டிச் சொல்வதுதான். சுற்றுவழியில் ஒருமுறை போய் வந்தவனுக்கு அது கூட்டிச் சொன்னதாகத் தெரியாது. சுற்றுவழி ஓடைக்குள் இறங்கும், வழுக்குப்பாறையில் ஏறும், சில்வர் ஓக் மரங்களுக்கு வெளியே முள்வேலியை ஒட்டியே போகும். வேலிக்கு அந்தப் பக்கம் நல்ல மண் பாதை வெறுமனே படுத்துக் கிடக்கும். அதைப் பார்த்துக்கொண்டே நடக்கவேண்டும்.

எஸ்டேட்டின் கீழ்க் கேட்டில் எப்போதும் பூட்டுத் தொங்கும். சாவி பங்களாவில் இருக்கும். காப்பிப் பழம் பறிக்கிற பருவத்தில் மட்டும் காலையில் திறந்து மாலையில் மூடுவார்கள், அதுவும் வேலைக்கு வருகிற ஆட்களுக்காக. போன வருஷம் சின்னனின் மனைவி கண்ணாயிக்கு இடுப்புவலி கண்டபோது பருவம் இல்லை. கம்பளியைத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு கேட்டுவரை ஓடினார்கள். திறக்கவில்லை. சுற்றிப் போனார்கள். வழுக்குப்பாறைக்கு மேலே பிள்ளை பிறந்தது. அழவில்லை. அந்தக் கோபத்தில் ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் அன்றைக்கே பூட்டை உடைத்தார்கள். எஸ்டேட்டில் கேஸ் கொடுத்து, இருவரும் சேலம் ஜெயிலில் கிடந்து வந்தார்கள். உடைத்த மறுநாளே கேட்டில் முன்னதைவிடப் பெரிய பூட்டு வந்துவிட்டது.

இந்த வருஷம் கண்ணாயி மறுபடி முழுகாமல் இருந்தாள்.

இதே வருஷம்தான், எண்பத்திரண்டில், ஸ்பெயினில் உலகக் கோப்பை நடந்தது. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் அருள்சாமிக்குப் புட்பால் என்றால் சோறு வேண்டாம். ஒரு மாசமும் ரேடியோவைக் காதிலிருந்து எடுக்கவில்லை. இருபத்திநான்கு நாடுகள், நாலு நாலாக ஆறு குரூப், குரூப்பில் எல்லோரும் எல்லோரோடும் ஆடவேண்டும், மேலே வரும் இரண்டு டீம் அடுத்த சுற்றுக்கு. ஜெயித்தால் ரெண்டு பாயிண்டு, டிரா என்றால் ஆளுக்கு ஒன்று. பாயிண்டு சமமாக நின்றால் அடித்த கோலில் வாங்கிய கோலைக் கழித்து யாருக்கு மிச்சம் அதிகம் என்று பார்ப்பார்கள், அதுவும் சமமானால் யார் அடித்த கோல் அதிகம் என்று பார்ப்பார்கள். இதையெல்லாம் பழம் எடை போடுகிற இடத்தில் நின்றுகொண்டு கேட்டவர் கேளாதவர் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். கோப்பை முடிந்ததும் பித்துப் பிடித்தவர் மாதிரி ஆகி, மேனேஜரிடம் போய் நின்றார்.

"நம்ம கிரவுண்டுலயும் ஒண்ணு நடத்தலாமுங்க. ஆறு குரூப்புக்கு நாம எங்க போறதுங்க? ஒரு குரூப்பு போதும். அந்த ரெண்டாவது குரூப்ப அப்படியே எறக்கிப்புடலாம். ஜெர்மனி, ஆஸ்திரியா, சிலி, அல்ஜீரியா. மொதல் ரெண்டு எடத்துல வர்றவங்க பைனல்."

மேனேஜருக்கும் பொழுது போகவில்லை. சரி என்றார். எஸ்டேட் டீமுக்கு ஜெர்மனி. பெரிய ஹோட்டல்களில் வேலை செய்கிறவர்களும் கிளப் ஆட்களும் சேர்ந்த டீமுக்கு ஆஸ்திரியா. அதற்கு சேகர் கேப்டன், ஹோட்டலில் ரூம் சாவி கொடுக்கிற வேலை. ஒண்டிக்கடைக் கடைக்காரர்கள் சிலி. பழமண்டி பெருமாள் கேப்டன். மிச்சம் இருந்தது அல்ஜீரியா. அதைச் செம்மநத்தத்துக்குக் கொடுத்தார்கள். சின்னன் கேப்டன்.

"அது எந்தப் பக்கம் இருக்குற ஊருங்க?" என்று கேட்டான் சின்னன்.

"ஆப்பிரிக்காவுலடா. நெறைய மணலு. உங்களாட்டந்தான், ஒண்ணும் மொளைக்காது" என்றார் மேனேஜர்.

எல்லோரும் சிரித்தார்கள். சின்னனும் சிரித்தான். ஒரு போர்டிங் பள்ளிக்கூடத்துச் சுவரைத் தாண்டி விழுந்த பழைய பந்தைச் சாமைக் களத்தில் உதைத்துப் பழகியவர்கள் அவர்கள். சுற்றிலும் பள்ளம். ஓங்கி உதைத்தால் பந்தைத் தேடி அரை நாள் இறங்கவேண்டும். அதனால் பந்தைக் காலை விட்டு விலகாமல் வைத்திருக்க எல்லோருக்கும் தெரியும்.

கோப்பையைப் பழக் கிடங்கின் படியில் வைத்துவிட்டு மேனேஜர் நல்ல மூடில் பேசினார். ஜெயிக்கிற டீம் கோப்பையோடு ஒரு வரமும் கேட்கலாம், கொடுக்கிறேன் என்றார். எஸ்டேட்காரர்கள் புது ஜெர்சி கேட்டார்கள். சேகர், கோப்பையே போதும் சார் என்றான். பெருமாள், "ஜெயிச்சாப் பொறகு பாத்துக்கலாமுங்க, எதுக்கு வாயக் கெடுத்துக்கறது" என்றார்.

சின்னன் எழுந்து நின்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"கீழ்க் கேட்டைத் தொறந்து உடோணுமுங்க. ராவும் பகலும். எங்க சனம் வந்துபோக."

மேனேஜர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"ஜெயிச்சுட்டு வாடா. சாவிய உங் கையிலயே தர்றேன். ஏய்யா ரைட்டரே, எல்லாருங் கேட்டுக்கங்க. எம் பேச்சு பேச்சு."

அன்றைக்கு ராத்திரி கண்ணாயி கதவு நிலைக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்தாள்.

"இதென்ன புள்ள?"

"சாவி மாட்டறதுக்கு. நீங்க எங்கியாச்சும் மடியில வெச்சுத் தொலைச்சுப்புடுவீங்க மாமா."

முதல் மேட்ச்சே எஸ்டேட்டோடு. பூட்ஸ் போட்ட பதினோரு பேருக்கு எதிரே வெறுங்கால் பதினோரு பேர். மூன்றுக்கு இரண்டு என்று செம்மநத்தம் ஜெயித்தது. மூன்றாவது கோலைச் சின்னன் அடித்தபோது, பந்து வலையைத் துளைத்துக்கொண்டு போய் மேனேஜரின் நாற்காலிக்குக் கீழே நின்றது. அவர் அதைக் காலால் தள்ளிவிடக்கூட இல்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார். மறுநாள் சென்னையில் இருக்கிற முதலாளிக்கு டிரங்கால் போட்டுப் பேசினார் என்றும், கேட்டைத் திறப்பதைப் பற்றி அந்தப் பக்கமிருந்து வந்த சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது என்றும் பங்களாவில் பாத்திரம் கழுவுகிற மருதாயி வந்து சொன்னாள். ஊரில் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சேகரின் டீமோடு ஆடியதில் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றார்கள். யாரோ பூட்ஸால் மிதித்துச் சின்னனின் கட்டைவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. ஆனாலும் கணக்கு கெட்டுப்போகவில்லை. கடைக்காரர்களை எல்லோரும் அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் வாங்காமல் எஸ்டேட் அஞ்சு கோல் போட்டது, சேகரின் டீம் மூன்று. கடைசியாகச் செம்மநத்தத்தின் முறை.

மேட்ச் சனிக்கிழமை என்றார் அருள்சாமி. எஸ்டேட்டும் சேகரின் டீமும் ஞாயிற்றுக்கிழமை.

"ரெண்டையும் ஒரே நாள்ல வெச்சுக்கிடலாமுங்களே?" என்றான் சின்னன். ஏன் கேட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை. சும்மா தோன்றியது.

"இருக்கறது ஒரு கிரவுண்டு. உங்கூட்டு மொட்டப்பாறையிலயா ஆடறது? ஸ்பெயின்லயே அல்ஜீரியா மொதல்நாளு, ஜெர்மனி மறுநாளு. அதே வரிசைதாஞ் சாமி. நான் ஒண்ணுங் கையில இருந்து போடலை."

சனிக்கிழமை நல்ல வெயில். கண்ணாயி நிறைமாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு சுற்றுவழியாக வந்து மேட்டில் உட்கார்ந்திருந்தாள். வரவேண்டாம் என்று சொன்னால் கேட்கிறவள் இல்லை. கடைக்காரர்களின் டீமில் பேக்கரிக்காரர்தான் கோல் காக்கிற கோலி. பந்து வந்தால் முகத்தை மூடிக்கொள்வார். இடைவேளைக்குக் கொஞ்சம் பிறகு செம்மநத்தம் நாலு கோல் போட்டுவிட்டது. எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து வந்த கூட்டம் பெருமாளை விடவில்லை.

"மண்டிக்காரரே, பந்த எடை போட்டுப் பாத்தீங்களா?"

"ஏனுங்க பெருமாளண்ணா, குனிஞ்சா பந்து தெரியுதுங்களா, தொப்பை மறைக்குதுங்களா?"

பெருமாள் மூச்சிரைக்கச் சின்னன் பக்கத்தில் வந்து நின்றார். வருஷா வருஷம் செம்மநத்தத்து ஆரஞ்சை வாங்குகிறவர் அவர்தான். மோசமான ஆள் இல்லை.

"சின்னா, நான் நாளைக்கு ஒண்டிக்கடையில தலை காட்டோணும்டா. ரெண்டு குடுறா. உங்களுக்குத்தான் எப்படியும் ஜெயிப்பாச்சே."

அப்போது மேட்டிலிருந்து கண்ணாயியின் குரல் வந்தது.

"மாமா, போதும் உடுங்க! மரத்த மொட்டையடிக்காதீங்க. உச்சிக் கொப்புல ரெண்டு காய உட்டுருங்க!"

செம்மநத்தத்துக்காரனுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. எந்த மரத்தில் ஏறினாலும், ஆரஞ்சோ பலாவோ, உச்சிக் கொப்பில் இரண்டு காயை விட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள். மலைச்சாமி சேர்வராயன் பங்கு என்பார்கள், குருவி பங்கு என்பார்கள். அதைப் பறித்தவன் ஊட்டில் அடுத்த வருஷம் மரம் காய்க்காது என்று பேச்சு. அதற்கும் மேலே, வயிற்றுப்பிள்ளைக்காரி வாய்விட்டுக் கேட்டதை இல்லையென்று சொல்லுகிற வழக்கமும் அந்த ஊரில் இல்லை. மேட்டில் இருந்த பெரியவர்களும் தலையை ஆட்டினார்கள்.

சின்னன் தன் ஆட்களைப் பார்த்துக் கையை அமர்த்தினான். பின்னால் நின்றவர்கள் விலகிக்கொண்டார்கள்.

பெருமாள் ஒன்று போட்டார். போட்டுவிட்டுக் குழந்தை மாதிரி குதித்தார். இரண்டாவதை அவருடைய மண்டியில் சாக்குத் தைக்கிற ஆள் போட்டான். செம்மநத்தத்துக் கோலி குப்புறப் படுத்துக்கொண்டு சிரித்தான்.

ரெப்ரீ அருள்சாமிதான். முதல் கோல் ஆனதுமே விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சின்னனிடம் வந்தார்.

"ஏஞ் சின்னா, நெசமாலுமே உடறயா?"

"ஆமாங்க. பாவமுங்க அவிய."

அருள்சாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. திரும்பி மேனேஜரின் நாற்காலியைப் பார்த்தார். "உம் இஷ்டம் சாமி" என்று சொல்லிவிட்டு நடுக்கோட்டுக்குப் போனார். அவர் நடையில் ஒரு துள்ளல் இருந்தது. அதைச் சின்னன் அன்றைக்குக் கவனிக்கவில்லை. பின்னாளில் பலமுறை நினைத்துப் பார்த்தான்.

மேட்ச் முடிந்ததும் பெருமாள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். கண்ணாயிக்கு மட்டும் பன் வாங்கி வந்து, "உம் வவுத்துல இருக்குறது கொடுத்து வெச்சது தாயி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை செம்மநத்தம் முழுக்கக் கிளம்பிவிட்டது. தப்பட்டைகூட எடுத்துக்கொண்டு வந்தார்கள். எஸ்டேட் தோற்றாலும் சரி, டிரா ஆனாலும் சரி, சின்னன் டீம் பைனலுக்குப் போகும். எஸ்டேட் நிறைய கோல் போட்டு ஜெயித்தாலும் சேகரின் டீம்தான் கீழே விழும், சின்னன் டீம் போகும். எப்படிச் சுற்றினாலும் வழி திறந்தே கிடந்தது. மூடியிருந்தது ஒரே ஒரு வழிதான்: எஸ்டேட் ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயிக்கவேண்டும். அதுபோல நடக்குமா என்று யாரும் யோசிக்கவில்லை. எஸ்டேட்டுக்கும் ஹோட்டல்காரர்களுக்கும் ஏழாம் பொருத்தம். வெட்டிக்கொண்டு சாவார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே எஸ்டேட் ஒரு கோல் போட்டது. சேகரின் கோலி பந்து போனபிறகு பாய்ந்தான்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஆட்டம் இல்லை.

எஸ்டேட்காரன் ஒருவன் பக்கத்திலிருப்பவனுக்குத் தள்ளினான். அவன் தன் கோலிக்குத் தள்ளினான். கோலி பந்தைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான், மழை வருமா என்று. பிறகு சேகர் பக்கம் உருட்டிவிட்டான். சேகரின் ஆட்கள் பந்தைத் தங்களுக்குள் கொஞ்ச நேரம் கைமாற்றிவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். யாரும் யாரையும் தொடவில்லை. எதிராளியின் கோல் பக்கமே யாரும் போகவில்லை. சேகர் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினான். எழுந்தான். மறுபடி குனிந்து அதே கயிற்றைக் கட்டினான்.

கூட்டத்துக்கு மெல்லத்தான் புரிந்தது.

"என்னடா இது, நிச்சயத்துல தாம்பாளம் மாத்தறாப்பல மாத்திக்கிறீங்க?"

"ஏய் கோலி, பாய் கொண்டாந்து தரட்டுமா?"

எல்லோரையும்விட அதிகமாகக் கத்தியவர் பெருமாள்தான். கோட்டுக்குள்ளேயே வந்துவிட்டார். "பந்த அடைகாத்துக் குஞ்சு பொரிக்கப் போறீங்களாடா? உதைங்கடா! தூ!"

அருள்சாமி விசில் ஊதி அவரை வெளியே போகச் சொன்னார். "கோட்டுக்கு அக்கட்டால போங்க. ரூலு ரூலுதான்."

இடைவேளையில் சின்னன் நொண்டிக்கொண்டே போய்ச் சேகர் முன்னால் நின்றான். சேகர் ஆரஞ்சுச் சுளை சப்பிக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க சேகரு, எங்களுக்கு அந்தக் கேட்டு வேணுமுங்க. நீங்க ஜெயிக்க வேண்டாம். சும்மா ஆடுங்க. நெசமா ஆடுங்க. அது போதும்."

சேகருக்கு அவன் முகத்தைப் பார்க்கக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. அதனால் சத்தமாகச் சிரித்தான்.

"ஆடுனா நாங்க வெளிய போயிருவம்ப்பா. ஒண்ணுல நின்னா ரெண்டு பேருமே உள்ள. எதுக்கு ஓடறது? நேத்து சாயங்காலமே பேசியாச்சு, மேனேஜரு பிரியாணி போட்டாரு. ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. நேத்து நாலோட நீங்க ஒண்ணும் குடுக்காம நின்னிருந்தா, எந்தக் கணக்கு போட்டாலும் எங்க ரெண்டு பேர்த்துல ஒருத்தன் வெளிய போயிருக்கோணும். நாங்க அடிச்சுக்கிட்டுச் செத்திருப்போம். நீ ரெண்டு தானம் பண்ணுன பாரு, அதுலதான் இந்தச் சந்தே கெடைச்சது. உம் பொண்டாட்டிக்கு எங்க டீமு சார்புல ஒரு சேலையே எடுத்துக் குடுக்கலாம்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

இரண்டாவது பாதியில் மாடு ஒன்று மைதானத்துக்குள் வந்து புல் மேய்ந்தது. அதை யாரும் விரட்டவில்லை. விரட்ட வேண்டிய அவசியமும் இல்லை. தப்பட்டை கொண்டுவந்தவன் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்து போனான்.

விசில் ஊதியதும் சின்னன் மேனேஜரிடம் போனான். ஊரே அவன் பின்னால் நின்றது.

"இது நாயமில்லீங்க."

"என்ன நாயமில்லே? கையில பந்தத் தொட்டாங்களா? உன்னைய மிதிச்சாங்களா? ஓடித்தான் ஆகோணும்னு எந்த ரூல்லடா இருக்குது? ரைட்டரே, இருக்குதா?"

"இல்லீங்க" என்றார் அருள்சாமி. பிறகு சின்னன் பக்கம் திரும்பி, பழம் எடை போடுகிற இடத்தில் பேசுவாரே, அதே ஆசையோடு சொன்னார்: "சின்னா, அங்கயும் இதேதாங் கண்ணு. ஜெர்மனி ஒரு கோலு போட்டுச்சு. அப்புறம் ரெண்டு பேருஞ் சும்மா உருட்டுனாங்க. அல்ஜீரியா மொதல்நாளே ஆடி முடிச்சுட்டு உக்காந்து பாத்துக்கிட்டிருந்துச்சு. அவிய சிலிய மூணு அடிச்சுட்டு ரெண்டு வாங்கிக்கிட்டாங்க, உங்களாட்டவே. போயி முறையிட்டாங்க. ஆட்டம் செல்லும்னு சொல்லிட்டாங்க. உலகக் கோப்பையிலயே செல்லும்னா பூலாங்காட்டுல எப்படிச் செல்லாமப் போகும்?"

"உங்களுக்கு நேத்தே தெரியுமுங்களா?"

அருள்சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் ரெப்ரீ. ரெப்ரீ ஆட்டத்துல பேசக்கூடாது."

அன்றைக்குச் சுற்றுவழியில் திரும்பும்போது, வழுக்குப்பாறையில் கண்ணாயிக்குக் கைகொடுத்து ஏற்றிவிட்ட சின்னன், கையை விடுவதற்கு முன்னால் சொன்னான்:

"நீதான் உடச் சொன்ன."

அவள் நின்று அவனைப் பார்த்தாள். பிறகு கையை உருவிக்கொண்டு முன்னால் நடந்தாள். அதைச் சொல்லியிருக்கக்கூடாது என்று சின்னனுக்கு அப்போதே தெரிந்தது. ஆனால் சொன்னதில் ஒரு ருசியும் இருந்தது. நாள் முழுக்க அவனைக் குத்திக்கொண்டிருந்ததை எடுத்து இன்னொருவர் மேல் குத்திவிட்ட ருசி. ராத்திரி சோறு போடும்போது இன்னொரு தடவையும் சொன்னான்.

பைனலில் எஸ்டேட் ஜெயித்தது. மேனேஜர் சொன்ன சொல் தவறாமல் புது ஜெர்சி வாங்கிக் கொடுத்தார். பரிசு கொடுக்கும்போது செம்மநத்தத்தையும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். நல்ல பண்போடு ஆடிய அணி என்று மைக்கில் சொல்லி, பெருந்தன்மையாக இரண்டு கோல் விட்டுக்கொடுத்ததை எடுத்துப் பேசி, சின்னன் கழுத்தில் நாடா கட்டிய மெடல் ஒன்றை மாட்டினார் மேனேஜர். எல்லோரும் கைதட்டினார்கள். சின்னன் கும்பிட்டான். அந்த இடத்தில் கும்பிடாமல் எப்படி நிற்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

கண்ணாயி அந்த மெடலை வாங்கி, கதவுக்குப் பக்கத்தில் தான் அடித்து வைத்திருந்த ஆணியில் மாட்டினாள்.

புரட்டாசி மழையில் ஒரு விடிகாலை அவளுக்கு வலி எடுத்தது. கம்பளியில் தூக்கிக்கொண்டு கீழ்க் கேட்டுக்குத்தான் முதலில் போனார்கள். கால்கள் தாமாகவே அங்கே போயின. வாட்ச்மேன் ஐயாக்கண்ணு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்.

"சாவி பங்களாவுல இருக்குது சாமி. மேனேஜரு சேலத்துக்குப் போயிட்டாரு. நான் என்ன பண்ணட்டும்? எனக்கும் புள்ளகுட்டி இருக்குது. போன தடவை கேஸு போட்டப்பவே என்னைய வேலைய உட்டு நிறுத்தறேன்னாங்க."

சின்னன் ஒரு கல்லை எடுத்தான். ஐயாக்கண்ணு தடுக்கவில்லை. திரும்பி நின்றுகொண்டார். கம்பளிக்குள்ளிருந்து கண்ணாயி சொன்னாள்:

"வேண்டாம். நீங்க ஜெயிலுக்குப் போனா எங்கூட ஆரு இருப்பா? சுத்தியே போலாம்."

கேட்டுக் கம்பியின் வழியாக அந்த மண் பாதை தெரிந்தது. மழைக்குக் கழுவிவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. சின்னன் கல்லைக் கீழே போட்டான்.

வழுக்குப்பாறை அன்றைக்குப் பேருக்கேற்றபடி இருந்தது. தூக்கியவர்கள் இரண்டு தடவை விழுந்தார்கள். மேலே ஏறும்போதே எல்லாம் முடிந்துவிட்டது. ஆண்பிள்ளை. கொடி கழுத்தில் சுற்றிக் கிடந்தது. கூடவந்த கிழவி பிரித்துப் பார்த்தாள், முதுகில் தட்டிப் பார்த்தாள், பிறகு தன் முந்தானையால் மூடினாள். கண்ணாயியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பொழைத்துக்கொண்டாள். இன்னொன்று தங்காது என்று அங்கே சொல்லி அனுப்பினார்கள்.

"நீதான் உடச் சொன்ன" என்ற பேச்சைச் சின்னன் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. எடுக்காவிட்டாலும் அது ஊட்டுக்குள் ஒரு ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தது.

கார்த்திகையில் ஆரஞ்சு பழுத்தது. பெருமாள் கூடைகளை ஆட்கள் தலையில் ஏற்றிக்கொண்டு, வழக்கம்போல் முன்கூட்டியே வந்துவிட்டார். துக்கம் விசாரித்தார். கண்ணாயி தலையை ஆட்டிவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு போனாள். பொம்பளைகள் கீழ்க்கிளையில் பறிப்பார்கள், ஆம்பளைகள்தான் மேலே ஏறுவார்கள். அன்றைக்கு அவளே ஏறினாள். சின்னன் கீழே நின்றான்.

பழுத்தது, பழுக்காதது என்று பார்க்கவில்லை. பச்சைக் காயையும் சேர்த்துப் பறித்துக் கீழே போட்டாள். கிளை கிளையாக மரம் வெளுத்துக்கொண்டு வந்தது. கடைசியில் உச்சிக் கொப்பில் இரண்டு நின்றன.

"அது ரெண்டையும் உட்டுரு புள்ள" என்றார் பெருமாள் கீழேயிருந்து. "உங்கூரு வழக்கமாச்சே. குருவி தின்னட்டும்."

கண்ணாயி கொப்பை வளைத்தாள். அது முறிகிற சத்தம் கேட்டது. இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு நிதானமாக இறங்கிவந்து, பெருமாளின் சட்டைப்பையில் ஒன்றும் கையில் ஒன்றுமாக வைத்தாள்.

"இது ரெண்டும் உங்களுதுங்க. அன்னிக்கே உங்களுக்குக் குடுத்தாச்சு. நீங்களே கொண்டுக்கிட்டுப் போயித் தின்னுங்க."

பெருமாளால் கையிலிருந்த காயைக் கீழே போடவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. பக்கத்து மரத்தடியில் நின்றவர்கள் பறிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒரு கிழவர் மட்டும், "அய்யோ சாமி, அடுத்த வருசம் காய்க்காதே" என்று முனகினார்.

"காய்க்க வேண்டாம்" என்றாள் கண்ணாயி.

ஏணியைத் தூக்கி அடுத்த மரத்தில் சாய்த்தாள். மழையில் நனைந்த மண்ணில் அது ஒரு பக்கம் சரிந்தது. சின்னன் போய் அசையாமல் அதைப் பிடித்துக்கொண்டான். அவள் ஏறினாள்.